இரவல் கொப்பி

எங்கள் ஊரில் ஒரு சஞ்சிகையை முதலில் தின்பது கறையானும் இல்லை, இராமபாணப் பூச்சியும் இல்லை. அதன் நடுவில் குத்தியிருக்கும் கம்பிதான் முதலில் போகும். நெடுந்தீவுக் காற்று உப்புக் காற்று. சோளகம் வீசுகிற மாதங்களில் பூட்டு, யன்னல் கம்பி, தையல் ஊசி எல்லாவற்றிலும் துரு ஏறிவிடும். சஞ்சிகைக் கம்பி மண்ணிறமாகும். அந்த மண்ணிறம் தாளுக்குள் இறங்கும். பிறகு ஒருநாள் நடுப்பக்கம் தானாகக் கழன்று கையோடு வரும். அதனால் ஐயா எந்தச் சஞ்சிகை வந்தாலும் வாசிக்க முதல் குறட்டை எடுத்துக் கம்பியைக் கழற்றிவிடுவார். வலை முடிகிற நூலால் மூன்று இடத்தில் குத்திக் கட்டுவார். அதற்குப் பிறகுதான் அட்டையைத் திருப்புவார். கம்பி கழற்றாத புத்தகத்தை நாங்கள் தொட்டால் ஏச்சு விழும்.

ஐயா பள்ளிக்கூட மாஸ்ரர். சம்பளம் பெரிதில்லை. ஊரில் புத்தகக்கடையும் இல்லை. வாசிகசாலையில் பேப்பர் பார்க்கலாம். ஈழநாடும் வீரகேசரியும் படகோடு வந்து சேர்ந்தால் உண்டு, கடல் கொந்தளித்தால் இரண்டு மூன்று நாள் பேப்பர் ஒன்றாக வரும். ஆனால் வீட்டில் ஓர் அலுமாரி புத்தகம் இருந்தது. அதில் முக்கால்வாசி கடையில் வாங்கியது இல்லை, ஐயா தன் கையால் கட்டியது.

தொடக்கம் பெரியப்பாவிடமிருந்து. அவர் கொழும்பில் கிளறிக்கல் வேலை பார்த்தவர், கல்கி வாராவாரம் எடுத்தவர். 1950 ஒக்ரோபரில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோதே ஒவ்வோர் இதழிலும் கதைப் பக்கங்களை மட்டும் வெட்டி எடுத்துச் சேர்த்திருக்கிறார். 1954இல் கதை முடிந்தபோது ஐந்து பாகமும் ஐந்து கட்டாகச் சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. இளைப்பாறி ஊருக்கு வந்தபோது அந்தக் கட்டுகளை ஒரு றங்குப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து ஐயாவிடம் தந்தார். அவற்றை ஐயா புத்தகமாக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் அந்த வேலைக்கு நான்தான் எடுபிடி.

முதலில் தாள்களைத் தட்டி ஒழுங்காக்க வேண்டும். சிறிய ஆணியால் ஓரத்தில் துளை. மெழுகு பூசிய நூலால் இறுக்கித் தையல். பிறகு பசை. கோதுமை மாவைக் காய்ச்சி, அதில் ஒரு சிட்டிகை துருசு போடுவார். துருசு போட்டால் பூச்சி அண்டாது, பசை மெல்லிய நீலமாக இருக்கும். "விரலை நக்கிப் போடாதை மோனை, நஞ்சு" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். ஆனால் அது 70களின் நடுப்பகுதி. மா கூப்பனுக்குக் கிடைத்த காலம், பாணுக்கு வரிசை நின்ற காலம். புத்தகத்துக்கு மாப் பசையா என்று அம்மா சட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டார். "தின்னக் கிடையாத மாவைத் தாளுக்குத் தீத்திறியளோ?" அம்மாவின் பக்கம்தான் நியாயம் இருந்தது, ஐயாவும் எதிர்த்துக் கதைக்கவில்லை. அடுத்தநாள் எங்களை விளாமரத்துப் பிசின் பொறுக்க அனுப்பினார். விளாம்பிசினை இரவு முழுக்க ஊறவைத்தால் நல்ல பசை வரும். மாப் பசையைவிடத் திறம் என்பது என் அபிப்பிராயம், கட்டு மடிக்கும்போது வெடிக்காது.

மட்டைக்குச் சீமெந்துப் பேப்பர். முதுகுக்கு அம்மாவின் பழைய நூல் சேலை, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது. ஐந்து பாகத்துக்கும் அந்த ஒரே சேலைதான். கட்டி முடித்ததைக் குசினிக்குள் கொண்டுபோய் அம்மிக்கல்லின் கீழ் வைப்பார். அன்றைக்குச் சம்பல் இல்லை. பசை காயும்வரை அம்மியை யாரும் அசைக்கக்கூடாது. அம்மா இதையும் பொறுத்துக்கொண்டது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அலுமாரி வேப்பமரத்தில் செய்தது. அதன் நான்கு காலும் நான்கு பால்பேணிக்குள் நின்றன. எறும்பும் கறையானும் ஏறாதிருக்கப் பேணிக்குள் தண்ணீர் விடவேண்டும். நல்ல தண்ணீர் எங்கள் ஊரில் பொன். குடத்தோடு போய்ச் சுரந்து வரும்வரை கிணற்றடியில் காத்திருக்கிற ஊரில், அலுமாரிக் காலுக்கு யார் நல்ல தண்ணீர் விடுவது? உவர்த்தண்ணீர்தான். அது வற்ற வற்றப் பேணியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும். அதைச் சுரண்டுவதும் என் வேலை.

மற்றப் புத்தகங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தன. ஐயா மாதத்தில் ஒருநாள் போவார். விடியப்புறம் மாவலித் துறையில் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ்ஸில் புங்குடுதீவும் வேலணையும் கடந்து பண்ணைப் பாலத்தால் ரவுணுக்குள் நுழைவார். பின்னேரம் வரும்போது கடகத்துக்குள் மரக்கறிக்குக் கீழே புத்தகம் இருக்கும். மேலே மரக்கறி வைப்பது அம்மாவுக்காக. பூபாலசிங்கம் புத்தகசாலையில் வாங்கிய வீரகேசரிப் பிரசுரங்கள், மல்லிகை, சிரித்திரன். மல்லிகையை டொமினிக் ஜீவாவின் கையாலேயே வாங்கியதாக ஒருநாள் பெருமையோடு வந்தார். 1966இல் தொடங்கிய சஞ்சிகை. ஆசிரியரே கையில் கொண்டு நடந்து விற்றார் என்பதை அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தார் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு மல்லிகை அப்போது விளங்கவில்லை. சிரித்திரனில் சவாரித் தம்பர் பார்ப்பேன்.

இந்தியச் சஞ்சிகைகள் கிடைக்காத வருடங்கள் அவை. 70களின் தொடக்கத்தில் அரசாங்கம் அவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. ஈழத்து எழுத்துக்கு அதனால் நன்மை என்று பெரியவர்கள் கதைப்பார்கள். உண்மையும்தான். அந்த இடைவெளியில்தான் வீரகேசரி நாவல் நாவலாகப் போட்டது, பாலமனோகரனின் 'நிலக்கிளி' எல்லாம் அப்படி வந்ததுதான். ஆனால் அம்புலிமாமாவுக்கு ஏங்கிய பிள்ளைகளுக்கு அந்த நியாயம் தெரியுமா? இடைக்கிடை யாரோ ஒருவர் வீட்டில் ஈரம் காயாத குமுதம் ஒன்று காணப்படும். எப்படி வந்தது என்று கேட்கக்கூடாது. இந்தியா எங்களுக்குக் கொழும்பைவிடக் கிட்ட.

கிட்ட என்றால் எவ்வளவு கிட்ட என்பதே எங்கள் பெரிய விவாதம். 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் 'சுழற்காற்று' எங்கள் வளவில் அடிபட்டதுபோல் வேறெந்தப் புத்தகமும் அடிபடவில்லை. பூங்குழலி கோடிக்கரையிலிருந்து வந்தியத்தேவனைப் படகில் ஏற்றி ராவோடு ராவாக ஈழத்துக்கு வலிக்கிறாள் அல்லவா, அப்போது அவள் எங்கள் தீவுக்கு எந்தப் பக்கத்தால் போனாள்? நாங்கள் மேற்குக் கரைக்குப் போய் நின்று பார்ப்போம். கட்டாக்காலிக் குதிரைகள் பின்னால் புல் மேய, கடலுக்குள் கையை நீட்டி வழி சொல்வோம். இராமேஸ்வரத்து வெளிச்சம் தெரியும் என்று ஆச்சி சொல்வார். எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. ஐயாவிடம் கேட்டால் "கல்கிக்கே தெரிஞ்சிருக்காது" என்று முடித்துவிடுவார்.

அந்தப் பாகத்தில் மணியம் வரைந்த பூங்குழலி படம் ஒன்று இருந்தது. துடுப்போடு நிற்கிறாள். ஒருமுறை இரவல் போய்த் திரும்பி வந்தபோது அந்தப் படம் இல்லை. பிளேட்டால் சுத்தமாக வெட்டியிருந்தது. ஐயா கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. அன்று பார்த்தேன்.

இரவலுக்கு அவர் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருந்தார். தடித்த மட்டை, நீலக் கோடு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண், முதுகுச் சேலைத் துணியில் மையால் எழுதியது. கொப்பியில் திகதி, புத்தக எண், கொண்டுபோனவர் பெயர், வந்த திகதி, கடைசியில் 'குறிப்பு'. அந்தக் குறிப்புப் பகுதியை வாசித்தால் ஊரையே வாசிக்கலாம். 'தேத்தண்ணிக் கறை.' 'மூன்று தாள் மூலை மடிப்பு, எச்சரித்தேன்.' 'மழையில் நனைந்தது, இவர் பிழை இல்லை.' பூங்குழலி போன நாளுக்கு: 'படம் வெட்டப்பட்டுள்ளது. கேட்டேன். இல்லையென்கிறார்.' ஒரு வீட்டுக்கு ஒருமுறைக்கு இரண்டு புத்தகம், இரண்டு கிழமைத் தவணை. சட்டம் சட்டம்தான், மாமி வீட்டுக்கும் அதேதான்.

யார் யார் வந்தார்கள்! கிழக்கு வளவு ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அவர்தான் அதிகம் கொண்டுபோனவர். பேரனை அரிக்கன் லாம்புக்கு முன்னால் இருத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்பார். கதையில் யாராவது சாகப்போகிறார்கள் என்று தெரிந்தால் "இண்டைக்குக் காணும், மூடு" என்பாராம். பேரன் இரகசியமாக மிச்சத்தை வாசித்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்வான். சுருட்டுச் சுத்துகிற அண்ணை ஒருவர் வரலாற்று நாவல் தவிர வேறொன்றும் தொடமாட்டார். புத்தகம் திரும்பி வரும்போது போயிலை மணக்கும். அந்த மணத்துக்குப் பூச்சி வராது என்று ஐயா அவரிடம் வேண்டுமென்றே சில புத்தகங்களைத் தள்ளிவிட்டதும் உண்டு.

வாடை பெயர்ந்தால் கரையோரத்தில் வெளியூர் மீனவர் வந்து வாடி போடுவார்கள். அவர்களையும் எங்கள் வாழ்க்கையையும் வைத்துத்தான் செங்கை ஆழியான் 'வாடைக்காற்று' எழுதினார். 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. எங்கள் ஊர் ஒரு நாவலுக்குள் இருக்கிறது என்றதும் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அந்தப் புத்தகத்துக்கு மட்டும் கொப்பியில் காத்திருப்போர் பட்டியல் ஒன்று தனியாக உண்டு. வாடியிலிருந்து ஒரு சம்மாட்டியார் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். திருப்பித் தரவந்தபோது திண்ணையில் இருந்து ஐயாவோடு நீண்ட நேரம் தர்க்கித்தார். கதை நல்லது, ஆனால் வலைக்காரரைக் கொஞ்சம் கூடவே கோபக்காரராக்கிப் போட்டார் என்பது அவர் கட்சி. எழுதினவர் ஊர்ப் பக்கம் நின்று பார்த்திருக்கிறார், கடல் பக்கமிருந்து பார்க்கவில்லை என்றார். பின்னாளில் எத்தனையோ விமர்சனக் கட்டுரை வாசித்திருக்கிறேன், அந்தத் திண்ணைப் பேச்சுக்குக் கிட்ட வந்தவை கொஞ்சம். 1978இல் அது படமாகவும் வந்தது. படம் பிடித்ததோ மன்னார்ப் பக்கம் பேசாலையில். ஊருக்கு இன்னும் அந்தக் குறை உண்டு.

ஒருவரும் கேட்காத புத்தகங்களும் இருந்தன. மேல்தட்டில் 'தமிழ் கல்ச்சர்' ஆங்கிலச் சஞ்சிகை இதழ்கள் சில. தனிநாயகம் அடிகளார் 1952இல் தொடங்கியது. அடிகளார் பிறந்தது கரம்பனில், ஆனால் தகப்பனார் நெடுந்தீவார். ஐயாவுக்கு அது போதும். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். ஆம் ஆம் என்று தலையாட்டிவிட்டு எல்லோரும் சாண்டில்யனைக் கொண்டுபோவார்கள்.

எனக்குக் கண்ணாடி எடுப்பதற்காக யாழ்ப்பாணம் போனபோது ஐயா பொது நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைக் கட்டடம், உள்ளே மின்விசிறிக் காற்று, சிறுவர் பகுதியில் என் உயரத்துக்கு மேசை. புத்தகங்களைவிட அந்த மேசைதான் எனக்கு அதிசயம். வெளியே வந்து கச்சான் வாங்கித் தந்துவிட்டு, இது ஒரு வீட்டில் தொடங்கியது என்றார். க. மு. செல்லப்பா என்று நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர், 1933இல் தன் சொந்தப் புத்தகங்களை வீட்டில் வைத்து ஊராருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து, 844 புத்தகத்தோடு அது நூலகமாயிற்று. இந்தக் கட்டடம் 1959இல் திறந்தது. ஐயா இதைச் சொன்ன விதத்தில் எங்கள் வேப்பமர அலுமாரிக்கும் ஒருநாள் இப்படி ஒரு கட்டடம் வரும் என்றே நம்பிவிட்டேன்.

1981இல் ஓர் இரவு அந்தப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 புத்தகங்கள். பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தது. செய்தி படகில்தான் வந்தது. எரிவதைப் பார்த்த தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார் என்ற செய்தியும் பின்னால் வந்தது. ஐயா அழவோ ஏசவோ இல்லை. இரண்டு மூன்று நாள் பேசாமல் திரிந்தார். பிறகு அலுமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாத்தையும் ஒரே இடத்திலை வைச்சதுதான் பிழை."

அன்றிலிருந்து சட்டம் மாறியது. இரண்டு புத்தகம் என்பது ஐந்தாயிற்று, பிறகு எத்தனையும் கொண்டுபோகலாம் என்றாயிற்று. தவணை இல்லை. கொண்டுபோக விருப்பமில்லாதவர்களையும் வற்புறுத்தினார். கொப்பியில் 'வந்த திகதி' நிரலில் வெறும் கோடுகள். அம்மாவுக்கு ஐயாவின் தலையில் ஏதோ கோளாறு என்று பயம். அலுமாரி பாதி வெறுமையானது. 'தமிழ் கல்ச்சர்' மட்டும் மேல்தட்டில் அப்படியே இருந்தது.

1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் நடந்ததை இங்கே எழுத என்னால் முடியாது. எங்கள் ஊராரை, பெண்கள் பிள்ளைகள் என்று பாராமல், கடலின் நடுவே வெட்டிக் கொன்றார்கள். கொப்பியில் பெயருள்ளவர்களும் அதில் இருந்தார்கள். ஐயா அந்தப் பெயர்களுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. அதன் பிறகு அவர் புத்தகம் வாங்கவென்று கடல் கடந்ததில்லை.

சில வருடங்களில் நாங்களும் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தோம். அலுமாரியைக் கழற்றி வள்ளத்தில் ஏற்றினோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி போரால் யாழ்ப்பாணமே கிளம்பிச் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ்கள் இருந்த பைக்குள் ஐயா வைத்த ஒரே கூடுதல் பொருள் அந்தக் கொப்பி. புத்தகம் ஒன்றாவது எடுங்கோ என்று நான் அழுதேன். "எது ஆரிட்டை இருக்கெண்டு தெரிஞ்சாக் காணும்" என்றார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அலுமாரிக்குள் இருந்தவை மாரி மழையில் ஊறிக் களியாகியிருந்தன. பெரியப்பாவின் ஐந்து கட்டில் வீட்டோடு இருந்த மூன்றும் போயிற்று. அடிகளாரின் சஞ்சிகைகளும் போயின. ஒருவரும் இரவல் கேட்டிருக்கவில்லை.

ஐயா போய் வெகுகாலம். கொப்பி என்னிடம். என் வீட்டு நூலகத்தை அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டுதான் திரும்பக் கட்டுகிறேன். பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது, ஒவ்வொன்றாகக் கோடு வெட்டுவதுதான் வேலை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் இல்லாவிட்டால் இதில் கால்வாசியும் நடந்திராது. மல்லிகையும் சிரித்திரனும் செங்கை ஆழியானும் அங்கே கிடக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நூலக எண்ணோடு. யாரோ முகம் தெரியாதவர்கள் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து ஏற்றியிருக்கிறார்கள். ஒரு மல்லிகை இதழின் ஸ்கானில் நடுப்பக்கத்துக் கம்பித் துருக்கூடத் தெரிந்தது. எந்தக் கரையோரத்து வீட்டிலிருந்து போனதோ. புதுப்பதிப்புகளைவிட அந்த அழுக்குப் பக்கங்கள்தான் எனக்கு வேண்டும். 'பொன்னியின் செல்வன்' இன்றைக்கு எந்தக் கடையிலும் வாங்கலாம், ஆனால் மணியத்தின் படத்துக்கு மறுபக்கத்துச் சவர்க்கார விளம்பரம் அதில் வராது.

கொப்பியில் உள்ள பெயர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் சிதறிக் கிடக்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து தொடங்கிய வட்ஸ்அப் குழுவில் கோயில் திருவிழாவுக்கும் மரண அறிவித்தலுக்கும் நடுவே, கொப்பியின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போட்டேன். சும்மா, பகிடிக்கு. இரவு முழுக்கப் போன் அடங்கவில்லை. 'மழையில் நனைந்தது, இவர் பிழை இல்லை' என்ற வரிக்குரியவர் தான்தான் என்று ஒரு தாத்தா குரல் அனுப்பினார். அன்று மழையே இல்லையாம், கிணற்றில் விழுத்திப்போட்டாராம். கிழக்கு வளவு ஆச்சியின் பேரன் லண்டனில் இருந்து, தன்னிடம் இரண்டு வீரகேசரிப் பிரசுரம் இருப்பதாக ஒத்துக்கொண்டான். அவற்றை யாரோ ஒருவர் கொண்டுவந்து தந்துவிட்டார். என் அலுமாரியில் இப்போது இருக்கும் பழைய புத்தகங்கள் எல்லாம் இப்படித் தவணை தவறி வந்தவைதான்.

ஸ்காபரோவிலிருந்து ஓர் அக்கா ஒரு படம் போட்டார். நீலத்தில் வெள்ளைக் கோட்டுச் சேலைத் துணி, அதில் ஐயாவின் கையெழுத்தில் எண். 'சுழற்காற்று'. அவரின் தாயார் கொழும்பு வழியாகக் கனடா போகும்போது சூட்கேசில் கொண்டுபோயிருக்கிறார். நான் உடனே அழைத்தேன்.

"அக்கா, அது எங்கடை ஐயான்ரை."

"தெரியும் பிள்ளை. அம்மா சாகும்வரைக்கும் தலைமாட்டிலை வைச்சிருந்தவ. தரேலாது."

"கொப்பியிலை உங்கடை அம்மான்ரை பேர் இருக்கு, தவணை முடிஞ்சு நாப்பது வருசம்."

"குற்றக்காசு எவ்வளவெண்டு பாத்துச் சொல்லு, அனுப்பிவிடுறன்."

தரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓரோர் அத்தியாயமாகப் படமெடுத்துப் போடுகிறார். கீழே குழுவே கூடிப் பூங்குழலி எந்தப் பக்கத்தால் போனாள் என்று திரும்பவும் தொடங்கிவிட்டது. இப்போது கூகுள் வரைபடமும் உண்டு, ஆனாலும் முடிவு கிடைக்கவில்லை. சென்ற கிழமை, படம் வெட்டப்பட்ட இடம் வந்தது. சதுரமான ஓட்டைக்குள்ளால் அக்காவின் மேசைவிரிப்புத் தெரிகிறது. ஐயா எழுதிவைத்த குறிப்பை நான் பெயரை மறைத்து அதற்குக் கீழே போட்டேன். ஆளுக்காள் தான் இல்லை என்று சத்தியம் பண்ணுகிறார்கள். எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக வருகிற ஒஸ்லோக்காரர் மட்டும் அதைப் பார்த்ததற்கு நீல அடையாளம் விழுந்தும் வாய் திறக்கவில்லை. மறைத்த பெயரும் அவருடையதில்லை, அவருடைய தமையனுடையது.